குடியை விட்டவர்கள் கூடுமிடம்: விசுவமடுவிலிருந்து ஒரு தேடல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் முரசுமோட்டை, தர்மபுரம், நெத்தலியாறு தாண்டினால் விசுவமடு வரும். இந்தப் பக்கத்தில் சாராயமோ கசிப்போ தேடுகிறவர் அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. குடியை விடவேண்டும் என்று ஒரு விடியற்காலையில் நினைக்கிறவர்தான் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். உளநலப் பிரிவுக்குப் போனால் மூளை பிசகிவிட்டதென்று ஊர் கதைக்கும். வற்றாப்பளை அம்மனிடம் நேர்த்தி வைத்தால் வைகாசிப் பொங்கல் வரை தாங்கும். அதற்கப்பால் தாங்குமா என்பது அவருக்கே தெரியாது. தன்னைப்போலக் குடித்து, தன்னைப்போல விட்டுப் பார்த்துத் தோற்று, இப்போது குடிக்காமல் இருக்கிற இன்னொருவரோடு மனம்விட்டுப் பேச ஓர் இடம் இருந்தால் அவருக்கு அது மிகப்பெரிய உதவி. உலகின் பல நகரங்களில் அப்படியான இடம் மாலைதோறும் திறந்திருக்கிறது. வன்னியின் ஒரு விவசாயக் கிராமத்துக்கு அது எந்த வழியால் வரமுடியும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

விசுவமடு குடியேற்றத்தால் எழுந்த ஊர். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் படித்த வாலிபர்கள் காடு வெட்டித் தோட்டம் செய்து, செத்தல் மிளகாயால் நிமிர்ந்த மண் இது. 2009 ஜனவரி முடிவதற்குள் போரால் இந்த மண்ணிலிருந்து சனங்கள் கிழக்கே தள்ளப்பட்டார்கள். உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு மனிக்பாம் முகாமின் முட்கம்பி வேலி. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பல வீடுகளில் ஆள் இல்லை. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட வன்னி பற்றிய ஆய்வில் இதைக் கூட்டு மனவடு என்று விவரித்தார். தனியொருவரின் மனம் மட்டும் காயப்படவில்லை, குடும்பமும் அயலும் ஊரும் ஒன்றையொன்று தாங்கும் முறையே உடைந்துபோனது என்பது அவருடைய வாதம். 2013இல் அவரும் உளமருத்துவர் சிவயோகனும் சேர்ந்து வடக்கில் செய்த ஆய்வு, போருக்குப் பிந்திய சமூகத்தின் முன்னணிப் பிரச்சினைகளில் ஒன்றாக மதுவை எடுத்துக்காட்டியது.

அதற்கு முன்னரே, 2008இல், கிளவுடியா கட்டானியும் அவருடன் பணியாற்றியவர்களும் வடகிழக்குக் கரையோரத்தின் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நேர்கண்டு எழுதிய ஆய்வு வந்திருந்தது. வீட்டுக்குள் பிள்ளை அனுபவிக்கும் வன்முறை, போரில் அந்தப் பிள்ளை கண்டவற்றோடும் தகப்பனின் குடியோடும் தொடர்புபட்டிருந்தது என்பது அதன் முடிவு. செல் விழுவது நின்றபிறகும் சில வீடுகளுக்குள் சண்டை நிற்காததற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. போரில் எல்லாம் இழந்தும் ஒரு சொட்டும் தொடாதவர்கள் இதே ஊரில் ஏராளம். போர் நினைவில் இல்லாத இருபது வயதுப் பையன்கள் குடிக்கிறார்கள். அறுவடைக் காசு கைக்கு வரும் நாள், கூலி கிடைக்கும் சனிக்கிழமை மாலை, கலியாணவீட்டுப் பின்வளவு, செத்தவீட்டு இரவு என்று குடிக்கு நம்மிடையே ஒரு நாட்காட்டி இருக்கிறது. இறந்தவருக்கு எட்டாம் நாள் படைக்கும்போது அவர் விரும்பிக் குடித்ததையும் வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. சாராயத்தின் விலை ஏறினால் குடி குறையும் என்பது பொதுவான கணக்கு. காட்டுக்கரையில் கசிப்புக் காய்ச்சும் இடங்களில் அந்தக் கணக்கு பிழைக்கிறது: விலை ஏறிய போத்தலை விட்டவர் கசிப்புக்குப் போகிறார். பொலிஸார் கோடாவைக் கைப்பற்றிய செய்தி பத்திரிகையில் வருகிறது. மறுவாரம் இன்னோர் ஆற்றங்கரையில் அடுப்பு எரிகிறது. 2006ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதையும் மது விளம்பரத்தையும் தடுத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் விற்பனையைத்தான் பார்க்கும். பத்து வருடமாகக் குடித்து, காலையில் கை நடுங்கி, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருப்பவருக்கு அது செய்யக்கூடியது எதுவுமில்லை.

அந்த மனிதரிடம் ஊர் சொல்வது ஒன்றே: மனம் வைத்தால் விடலாம். இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாள்தோறும் அளவுக்கதிகமாகக் குடித்துப் பழகிய உடல், மது திடீரென்று நின்றால் கொந்தளிக்கும். சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஆகவே கடுமையாகக் குடித்தவர் சத்தியம் பண்ணிவிட்டு அறைக்குள் கதவைப் பூட்டிக்கொள்வது வீரம் இல்லை, ஆபத்து. இந்த நாட்களை வைத்தியரின் கண்காணிப்பில் கடக்கவேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மாத்திரைகள் உள்ளன. விற்றமின் பி1 ஆகிய தயமின் கொடுக்கப்படும். அது குறைந்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். விசுவமடுக்காரருக்குத் தர்மபுரம் வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பலாம். முல்லைத்தீவுப் பக்கம் போனால் புதுக்குடியிருப்பு, மாஞ்சோலை வைத்தியசாலைகள் உண்டு. விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம், தர்மபுரம் கிளிநொச்சி மாவட்டம். நோயாளி எல்லையின் ஒருபக்கம் வாழ்ந்து மறுபக்கம் மருந்தெடுக்கும்போது, வீடு திரும்பியபின் அவரைத் தேடிப் போய்ப் பார்ப்பது யாருடைய வேலை என்பதை இரண்டு மாவட்டத்தாரும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

வைத்தியசாலை உடலை மீட்டுத் தரும். அதன்பிறகு வரும் ஆறாவது வாரமும் பத்தாவது மாதமும் வைத்தியசாலையின் கையில் இல்லை. உதவிக் கூட்டம் என்ற ஒன்று தேவைப்படுவது அங்கேதான்.

அந்தக் கூட்டத்தின் பிறப்பை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1935 மே மாதம், நியூயோர்க்கின் பங்குத் தரகர் பில் வில்சன் ஒரு வியாபாரத்துக்காக ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியாபாரம் கைகூடவில்லை. கையில் காசு இல்லை, தெரிந்த முகம் இல்லை; தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் மதுச்சாலையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தான் இப்போது பேசவேண்டியது வைத்தியரோடோ பாதிரியாரோடோ அல்ல, இன்னொரு குடிகாரரோடு என்று அவருக்குப் பட்டது. அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசி எடுத்தார். ஒருவர் இன்னொருவரைக் காட்ட, கடைசியில் பொப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் பெயர் கிடைத்தது. தீராத குடிகாரர். கால் மணி நேரம் மட்டும் இருப்பேன் என்று சொல்லி வந்த டொக்டர் பொப், இரவு பதினொரு மணி வரை எழும்பவில்லை. தனக்குப் புத்தி சொல்ல வராமல், தன் சொந்த அவலத்தைத் திறந்து சொன்ன முதல் ஆளை அவர் அன்றுதான் கண்டார். அவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அந்த நாளையே ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தனது பிறந்தநாளாகக் கொள்கிறது. மூன்றாவது ஆள் அக்ரன் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த ஒரு வழக்கறிஞர். இருவரும் போய் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்தார்கள்.

இதில் மண்டபம் இல்லை, நிதி இல்லை, திட்ட முன்மொழிவு இல்லை. வில்சன் கூட்டத்தைத் தேடவில்லை, ஆளைத் தேடினார். இரண்டு பேர் உட்கார்ந்தபோது அது கூட்டமாயிற்று. மூன்றாமவரை வைத்தியசாலை தந்தது. விசுவமடுவில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்பவருக்கும் இதே வரிசைதான் வழி என்று நான் நினைக்கிறேன்: முதலில் ஆள், பிறகு இடம்.

கூட்டத்தில் நடப்பது மிக எளிமையானது. குறித்த நாள், குறித்த நேரம், ஒரு மணி நேரம் அல்லது சற்று அதிகம். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, தான் குடிநோயாளி என்று சொல்லித் தொடங்குவார். குடித்த காலத்தில் என்ன நடந்தது, எப்படி நின்றது, இந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்வார். மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள். புத்தி சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் தன்னுடையதைச் சொல்வார். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் மட்டும் போதும். வெளியாரின் பணத்தை ஏற்பதில்லை என்பது அவர்களுடைய பன்னிரண்டு மரபுகளில் ஒன்று. தேநீர்ச் செலவுக்கு வந்தவர்களே சில்லறை போடுவார்கள். அரசியலிலோ மதச் சச்சரவிலோ கருத்துச் சொல்வதில்லை என்பது இன்னொன்று. புதிதாக விட்டவருக்கு மூத்தவர் ஒருவர் துணையாக இருப்பார். நாக்கு இழுக்கும் நேரத்தில் நள்ளிரவிலும் அவருக்குத் தொலைபேசி எடுக்கலாம்.

இது உண்மையில் வேலை செய்கிறதா என்று பல ஆண்டுகள் மருத்துவ உலகம் சந்தேகித்தது. 2020இல் கொக்ரேன் அமைப்புக்காக ஜோன் கெல்லி, கீத் ஹம்ப்ரீஸ், மரிக்கா ஃபெரி ஆகிய மூவரும் 27 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 10,565 பேரை, ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். ஏ.ஏ.யோடு முறையாக இணைக்கும் சிகிச்சையைப் பெற்றவர்களில் 42 வீதத்தினர் ஓராண்டின் பின்னும் முற்றாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்றச் சிகிச்சைகளில் அது 35 வீதம். வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் இது கிட்டத்தட்டச் செலவே இல்லாத வழி, அதுவும் பேர்பெற்ற உளச்சிகிச்சைகளுக்குக் குறையாத பயனைத் தருகிறது. எவரும் மறைக்கக்கூடாத மறுபக்கமும் அதே எண்ணில் இருக்கிறது: நூறு பேரில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டுக்குள் ஒருமுறையாவது மீண்டும் குடித்தார்கள். மீண்டும் விழுவது இந்த நோயின் இயல்பு. விழுந்தவர் வெட்கப்படாமல் திரும்பி வந்து உட்கார இடம் இருப்பதே கூட்டத்தின் பெரிய பயன்.

இனி நம்முடைய மண்ணுக்குரிய இடைஞ்சல்கள்.

கொழும்பில் ஏ.ஏ. கூட்டங்கள் நீண்டகாலமாக நடக்கின்றன. சுமித்திரயோ அமைப்பின் மெல்மெதுர நிலையம் 1980களிலிருந்து குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்கு அங்கே உதவுகிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் வதிவிட நிலையங்களை நிறுவியது. விசுவமடுவில் மேட்டுநிலப் பயிருக்கு நீர் பாய்ச்சுகிறவர் வாரந்தோறும் கொழும்புக்குப் போய்வர முடியாது. 2020இன் கொவிட் முடக்கத்தில் உலகெங்கும் கூட்டங்கள் ஸூமுக்கு மாறியபோது தமிழிலும் கூட்டங்கள் நடந்தன. கைத்தொலைபேசியும் டேட்டாவும் தனியறையும் உள்ளவருக்கு அது நல்ல தொடக்கம். ஓரறை வீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே இருந்து ஒருவர் தன் குடியைப் பற்றி வாய்திறக்க மாட்டார்.

பெரிய இடைஞ்சல் மறைவு. அக்ரனில் பெயர் சொல்லாமல் இருக்கலாம். விசுவமடுவின் றெட்பானாவில் ஒருவர் சைக்கிளை எங்கே நிறுத்துகிறார் என்பதே ஊருக்குச் செய்தி. ஆனால் இதைச் சற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டும். அவர் குடிப்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். வேலியோரம் விழுந்து கிடந்ததைப் பள்ளிக்குப் போன பிள்ளைகளே கண்டிருக்கிறார்கள். ஒளிக்க வேண்டியது குடியை அல்ல, கூட்டத்தில் சொன்ன கதையை. அறைக்குள் கேட்டது அறைக்குள்ளேயே இருக்கும் என்ற உறுதி கிடைத்தால் வந்திருப்பவர் பேசுவார். அதற்கு ஒரு கட்டாய நிபந்தனை உண்டு: பெயர்ப் பதிவேடு கூடாது. முகாமில் பதிவு, மீள்குடியேற்றத்தில் பதிவு, விசாரணைக்குப் பதிவு என்று வாழ்ந்த சனம் இது. நிதி தந்தவருக்குக் காட்டப் பெயர், அடையாள அட்டை எண், கையொப்பம், படம் என்று எடுத்தால் அடுத்த வாரம் கதிரைகள்தான் இருக்கும். நிறுவனங்களின் திட்டங்கள் முடிவுத் திகதியோடு வருகின்றன, முடிவுத் திகதியில் போய்விடுகின்றன. வெளிப்பணம் வேண்டாம் என்ற அந்தப் பழைய மரபு வன்னிக்கென்றே எழுதியதுபோல எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

கிராமத்தில் இது முடியுமா என்ற கேள்விக்கு நம் மொழியிலேயே ஒரு விடை இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்கு இளவயதில் பறிகொடுத்தவர். அமெரிக்காவின் ஹேசல்டன் நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார், டி.டி.கே. மருத்துவமனை என்று பலரும் அறிவது அதைத்தான். நகரத்து மருத்துவமனைக்குக் கிராமத்துக் கூலியாள் ஒரு மாதம் வந்து தங்கமாட்டார் என்பதை அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஆகவே 1989இல், இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில், மருத்துவமனையைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினைந்து நாள் முகாம். இடமும் உணவும் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. வைத்தியரும் ஆலோசகரும் சென்னையிலிருந்து. முதல் நாட்களில் உடலிலிருந்து மதுவை இறக்குவது, பிறகு குழுவாக உட்கார்ந்து பேசுவது, மனைவிமாருக்குத் தனியாக ஒரு நேரம், முகாம் முடிந்தபின் தொடர்ச் சந்திப்புகள். முகாமில் நலமானவரே அடுத்த முகாமுக்குப் பக்கத்து ஊர்க்காரரைக் கூட்டிவந்தார். இந்த முறை ஆண்டுதோறும் தொடர்ந்தது. சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மஞ்சக்குடி நெல் வயல் ஊர். கூலிநாள், திருவிழா, சாவு என்று அதன் குடி நாட்காட்டி நம்முடையதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. அங்கே நடந்தது ஒரு பாடசாலை விடுமுறையில் தர்மபுரத்திலோ விசுவமடுவிலோ நடக்க முடியாததற்குக் காரணம் எதையும் நான் காணவில்லை. மாவட்ட உளநலப் பிரிவின் வைத்தியர், அயலில் வேலைசெய்யும் உளசமூகப் பணியாளர்கள், சமைத்துத் தரக்கூடிய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவை சேர்ந்தால் போதும்.

குடி முற்றாதவர்களுக்கு இதைவிட இலகுவான வழியும் சோதிக்கப்பட்டிருக்கிறது. கோவாவில் அபிஜித் நட்கர்ணியும் விக்ரம் பட்டேலும் சக ஆய்வாளர்களும் செய்து 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்கள் தீங்கான அளவில் குடிக்கும் ஆண்களோடு ஒன்றிலிருந்து நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். 377 பேர் பங்கெடுத்தார்கள். மூன்று மாதத்தின்பின், ஆலோசனை பெற்றவர்களில் 42 வீதத்தினர் கடந்த இரு வாரமும் குடிக்கவில்லை என்றார்கள். பெறாதவர்களில் 18 வீதத்தினரே அப்படிச் சொன்னார்கள். ஓ.எல். படித்த ஒரு விசுவமடு இளைஞனுக்கோ பெண்ணுக்கோ பழக்கிக் கொடுக்கக்கூடிய வேலை இது.

பெண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தத் தேடலை வீட்டில் முதலில் தொடங்குகிறவள் பெரும்பாலும் மனைவி அல்லது தாய். அவள் கேள்விப்படுவது சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்தைப் பற்றித்தான். டைசல்பிராம் போன்ற மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுத்தால், அவர் அதன்மேல் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து இதயம் தடுமாறலாம். அந்த மாத்திரை வைத்தியரின் சீட்டோடும் எடுப்பவரின் சம்மதத்தோடும் மட்டுமே பாதுகாப்பானது. வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கென்று அல்-அனன் கூட்டங்களை அமைத்ததற்குக் காரணம், குடிப்பவர் விட்டாலும் விடாவிட்டாலும் கூட இருப்பவர்களுக்கும் ஆறுதல் தேவை என்பது. கணவன் குடிப்பது உன் சமையலால், உன் வாயால் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு பெண், அதே குற்றச்சாட்டை இன்னும் ஆறு பேர் சுமந்ததைக் கேட்கும்போது அவளுடைய தோள் இலேசாகும். விசுவமடுவில் ஆண்களின் கூட்டத்துக்கு முன்பாகவே பெண்களின் கூட்டம் தொடங்கிவிடும் என்பது என் எண்ணம். அவர்கள் ஏற்கெனவே சங்கங்களில் கூடிப் பழகியவர்கள். குடிக்குத் தானே அடிமையான பெண் இந்த ஊரிலும் இருப்பாள். அவளுக்கு ஆண்களின் வட்டத்தில் இடம் தேட வைக்காமல், இந்தப் பெண்களின் கூட்டத்திலேயே கதவு திறந்திருக்கவேண்டும்.

மத நம்பிக்கையைச் சிலர் தடையாகச் சொல்வார்கள், ஏனெனில் ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். தாம் விளங்கிக்கொண்டபடியான கடவுள் என்றே அவர்கள் சொல்கிறார்கள். புதூர் நாகதம்பிரானுக்கும் மடு மாதாவுக்கும் ஒரே ஊரிலிருந்து நடந்துபோகும் சனத்துக்கு அது பெரிய சிக்கலாகாது. கடவுளே வேண்டாம் என்பவர் அந்தப் பேச்சில்லாமல் கூடட்டும். கோயில் மண்டபத்திலோ தேவாலயத்திலோ கூட்டம் வைத்தால் மற்ற மதத்தவர் தயங்குவார். சனசமூக நிலையமோ பாடசாலை வகுப்பறையோ பொது இடம். சனிக்கிழமை கூலி கிடைக்கிற மாலையையே கூட்ட நேரமாக வைக்கவேண்டும் என்று அழுத்திச் சொல்வேன், காசு கையிலிருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் எல்லாவற்றிலும் கடினம்.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது குடியை விட்டு ஓராண்டோ இரண்டாண்டோ கடந்திருந்தால், இந்த ஊர் தேடுகிற ஆள் நீங்கள்தான். உங்களுக்குப் பட்டம் தேவையில்லை, அனுமதிக் கடிதம் தேவையில்லை. கிளிநொச்சியிலோ மாஞ்சோலையிலோ உளநலப் பிரிவுக்குப் போய், குடியை விட வந்திருக்கிறவரோடு பேசத் தயாராக இருக்கிறேன் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். விட நினைத்தும் வழி தெரியாமல் இருப்பவர் இதை வாசித்தால், தனியே நிறுத்தாதீர்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். தேசிய உளநல உதவி எண் 1926. போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் எண் 1927.